பின்னமான மேகங்கள்

பின்னப்பட்ட விக்கிரகத்துக்குப் பூஜை இல்லை என்பது நம் கோயில்களின் நெடுநாளைய வழக்கம். எத்தனை தலைமுறையினர் கைகூப்பி நின்ற மூர்த்தியாயினும், ஒரு விரல் ஒடிந்தாலும் மூக்கு சிதைந்தாலும், அது கருவறையை விட்டு வெளியேறிப் பிராகாரத்தின் ஒரு மூலையிலோ திருக்குளத்தின் ஆழத்திலோ தங்க நேரிடுகிறது. 'பின்னம்' என்ற அந்த வடசொல்லையே கணக்கு உபாத்தியாயர் அரைக்கும் காலுக்கும் வீசத்துக்கும் வழங்குகிறார். முழுமையினின்றும் உடைந்து பிரிந்தது எதுவோ அதுவே பின்னம். அராபியர் இதே எண்ணை 'கஸ்ர்' என்றார்கள். அதற்கும் உடைப்பு என்றே பொருள். ஐரோப்பியர் 'பிராக்ஷன்' என்கிறார்கள். அதுவும் உடைத்தலைக் குறிக்கும் ஒரு லத்தீன் தாதுவிலிருந்து பிறந்த சொல்லே. அந்த லத்தீன் தாது கணக்கேட்டோடு நின்றுவிடாமல் ஆகாயத்திலும் ஏறி, காற்றில் அடிபட்டுக் கந்தல் கந்தலாய் ஓடும் மேகத்துக்குப் பெயராகி நிற்கிறது. மேகங்களுக்கு முறையாகப் பெயரிட்ட காலத்தில், பின்னமான இம்மேகம் சாஸ்திரத்தின் கருவறைக்கு வெளியே ஏறக்குறைய அறுபது ஆண்டு நின்றது. பின்னர் எவ்வாறு உள்ளே இடம் பெற்றது என்னும் சரித்திரம் சிந்திக்கத் தக்கது.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். லத்தீனில் 'பிராங்கெரே' என்றால் உடைத்தல், முறித்தல். 'பிராங்கோ' என்று நிகழ்காலத்தில் மூக்கொலி பெற்று வரும் இவ்வினை, இறந்தகாலச் செயப்பாட்டு எச்சமாகும்போது அம்மூக்கொலியை உதறிவிட்டு, இடையிலுள்ள மெலிந்த ககரத்தை வலித்துக்கொண்டு, 'பிராக்டஸ்' என்றாகிறது. சம்ஸ்கிருதம் பயின்றவர்களுக்கு இது வியப்பளிக்காது. 'யுஜ்' என்னும் தாது 'யுனக்தி' என்று மூக்கொலியோடு நடந்து 'யுக்தம்' என்று முடிவதும் இந்த நியதியினாலேயே. ஆங்கிலத்தில் உடைத்தலைக் குறிக்கும் 'பிரேக்' என்ற எளிய சொல்லும் இதே பழங்குடியைச் சேர்ந்த உடன்பிறப்பு.

இத்தாதுவின் சந்ததி பெரிது. எளிதில் உடையும் பொருளைக் குறிக்கும் சொல்லும், உடைந்த துண்டைக் குறிக்கும் சொல்லும், எலும்பு முறிவுக்கு மருத்துவர் வழங்கும் சொல்லும் இதன் வழிவந்தவை. நாவாய் உடைதலை ரோமானியர் 'நௌபிராகியம்' என்றனர். உடையும்போது எழும் பேரொலிக்கு 'பிராகோர்' என்று பெயர். இடிமுழக்கத்துக்கும் அச்சொல்லை வழங்கினர். ஒளிக்கதிர் காற்றிலிருந்து நீருக்குள் புகும்போது தன் நேர்வழி முறிந்து திரும்புவதைக் குறிக்கும் 'ரிபிராக்ஷன்' என்னும் சொல்லிலும் இத்தாதுவே உறைகிறது. 1704-ல் தம் ஒளியியல் நூலை வெளியிட்ட நியூட்டன், வானவில்லின் நிறங்கள் வெவ்வேறு அளவில் முறியும் தன்மையை விளக்கியதும் இத்தாதுவில் பிறந்த சொல்லைக் கொண்டே. தமிழகத்துப் பாடநூல்கள் இதனை ஒளிவிலகல் என்று வழங்க, ஈழத்துப் பாடநூல்கள் 'ஒளி முறிவு' என்று வழங்குகின்றன. லத்தீன் தாதுவின் ஆதிப்பொருளைச் சிதையாமல் ஏந்தி நிற்பது ஈழத்து வழக்கே. மேகம், அதன் இடி, அதனருகே தோன்றும் வில் ஆகிய மூன்றையும் இந்த ஒரு தாது தொட்டுச் சென்றிருக்கிறது என்பது மொழியின் இரகசியங்களுள் ஒன்று.

ஆயினும் மேகத்துக்கு நிலையான பெயர் வேண்டும் என்ற எண்ணமே உலகில் மிகவும் பிந்தித் தோன்றியது. அரிஸ்டாட்டில் வானிலையைப் பற்றித் தனி நூல் இயற்றிய பின்னும், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக, செடிகொடிகளையும் விலங்குகளையும் இனம் பிரித்தது போல் மேகங்களைப் பிரிக்கலாம் என்று எவரும் துணியவில்லை. கணத்துக்குக் கணம் உருமாறுவதும், கையால் பற்ற முடியாததும், நாளைக்கு வந்து பார்த்தால் இல்லாததுமாகிய ஒரு வஸ்துவுக்கு இலக்கணம் வகுப்பது எங்ஙனம் என்று மலைத்தனர் போலும். 1802-ல் பிரான்சு தேசத்து லாமார்க் தம் வானிலை ஆண்டு நூலில் மேகங்களை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டினார். ஆனால் அவர் இட்டவை பிரெஞ்சு மொழியின் நடைமுறைச் சொற்களாதலால் எல்லை கடந்து செல்லவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், லண்டன் லொம்பார்ட் வீதியை அடுத்த பிளௌ கோர்ட்டில், உறுப்பினர் ஒவ்வொருவரும் முறைவைத்துக் கட்டுரை படிக்க வேண்டும், தவறினால் அபராதம் செலுத்த வேண்டும் என்ற விதியோடு நடந்துவந்த அஸ்கீசியன் சங்கம் என்னும் சிறு குழுவின் முன், முப்பது வயது இளைஞர் ஒருவர் எழுந்து, மேகங்களின் ரூபபேதங்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அவர்தாம் லூக் ஹோவர்டு.

ஹோவர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். மருந்துச் சரக்குகள் செய்து விற்கும் தொழிலினர். குவேக்கர் சமயக் குடும்பத்தில் 1772-ல் லண்டனில் பிறந்து, ஆக்ஸ்போர்டுஷயரில் பர்போர்டு என்னும் ஊர்ப் பள்ளியில் பயின்றவர். அங்கே லத்தீன் இலக்கணத்தை அளவுக்கு மீறிப் புகட்டினார்கள், மற்றவற்றைப் போதிய அளவு கற்பிக்கவில்லை என்பது பிற்காலத்தில் அவருக்கு இருந்த குறை. ஆனால் குறையாகக் கருதிய அந்தக் கல்வியே உலகத்துக்கு வரமாய் முடிந்தது. அவருக்குப் பத்து வயது நடந்த 1783-ஆம் ஆண்டில், ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலைப் பிளவு கக்கிய புகை ஐரோப்பாவின் வானத்தையே மூடிச் சூரியனை மங்கச் செய்ததும், ஆகஸ்டு 18-ஆம் தேதி இரவு ஒரு பெரிய எரிகோளம் இங்கிலாந்தின் மேல் பறந்து சென்றதும், வானத்தை நோக்கும் பழக்கத்தைச் சிறுவனின் மனத்தில் ஆழப் பதித்தன.

அவருடைய முறை எளியது. அதன் பெருமையும் அவ்வெளிமையே. மயிர்ச்சுருள் போன்றதற்குச் 'சிர்ரஸ்', குவியல் போன்றதற்குக் 'குமுலஸ்', பரந்து விரிந்து கிடப்பதற்கு 'ஸ்ட்ராட்டஸ்' என மூன்று மூல வடிவங்களை வகுத்து, அவை ஒன்றோடொன்று கலந்தும் மாறியும் பிறக்கும் இடைநிலைகளுக்கு அப்பெயர்களையே புணர்த்து, மழை பொழியும் கூட்டத்துக்கு 'நிம்பஸ்' என்று பெயர் தந்து, மொத்தம் ஏழு வடிவங்களாக வானம் முழுவதையும் அடக்கினார். மேகம் மாறுவதையே தம் முறையின் அங்கமாக ஏற்றுக்கொண்டு, ஒரு வடிவம் இன்னொன்றாகும் வழியையும் பெயரிலேயே பொதித்தது அவருடைய மேதை. 1803-ல் 'பிலசாபிக்கல் மாகசீன்' என்னும் இதழில் அக்கட்டுரை அச்சேறிய பின், அப்பெயர்கள் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிச் சென்றன. முதுமை எய்திய ஜெர்மானிய மகாகவி கதே, அவ்வடிவங்களைப் பற்றிக் கவிதைகள் புனைந்ததோடு, அப்பெயர்களை எம்மொழியிலும் மாற்றாமல் அப்படியே வழங்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். தாமஸ் பார்ஸ்டர் என்ற ஆங்கிலேயர் சுருள்முகில், அடுக்குமுகில், விழுமுகில் என்று பொருள்படும்படி சுத்த ஆங்கிலப் பெயர்களைச் சமைத்தபோது, எல்லா நாட்டினருக்கும் பொதுவாய் விளங்குவது லத்தீனே என்று கூறி ஹோவர்டு அதற்கு உடன்படவில்லை. கலைச்சொல்லைத் தாய்மொழியில் ஆக்குவதா, பிறமொழியில் உள்ளபடியே கொள்வதா என்று நெடுங்காலம் வாதித்து வந்திருக்கும் நமக்கு அந்த விவாதத்தின் இரு பக்கமும் நன்றாகவே விளங்கும்.

ஆனால் அந்த ஏழு வடிவங்களுள் கிழிந்த மேகத்துக்கு இடமில்லை. ஹோவர்டு அதைக் காணாதவர் அல்லர். மழைத்திரையின் கீழே காற்றோடு விரைந்து வந்து அத்திரைக்குள் மறையும் தாழ்ந்த மேகங்களை அவர் கவனித்தே எழுதியிருக்கிறார். எனினும் தனிப்பெயர் பெறும் தகுதி அவற்றுக்கு அவர் கணக்கில் இல்லை. வடிவத்தையே இலக்கணமாகக் கொண்ட முறையில், வடிவம் குலைந்ததாகத் தோன்றியது இலக்கணத்துக்குப் புறம்பாய் நின்றது இயல்பே.

சாஸ்திரம் பெயரிடாமல் விட்டதைத் தொழிலாளர் பெயரிடாமல் விடவில்லை. ஆங்கிலக் கடலோடிகள், புயலுக்கு முன் தாழ்ந்து பறக்கும் கந்தல் மேகத்தை, விரைந்தோடுவது என்று பொருள்படும் 'ஸ்கட்' என்னும் சொல்லால் வழங்கினர். சபோக் மாவட்டத்தில் ஆலை முதலாளியின் மகனாய்ப் பிறந்து, இளமையில் தந்தையின் காற்றாலையில் வேலை செய்து, பின்னர் நிலக்காட்சி ஓவியத்தில் பெரும்புகழ் எய்திய ஜான் கான்ஸ்டபிள், தம் ஓவியங்களைச் செதுக்குப் படங்களாக 1830-க்குப் பின் வெளியிட்டபோது, அவற்றுள் இளவேனிற் காட்சிக்கு எழுதிய குறிப்பில் ஓர் அருமையான செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். பெருமேகங்களின் இடையே ஓடும் சிறு துணுக்கு மேகங்களைக் காற்றாலைக்காரரும் மாலுமிகளும் 'தூதர்கள்' என்று அழைப்பார்களாம். அவை வந்தால் கெட்ட காலநிலை பின்தொடரும் என்பது அவர்கள் அனுபவம். மேகத்தைத் தூது விடுத்த காவிய மரபில் ஊறிய நமக்கு இப்பெயர் எத்தனை நெருக்கமாய் ஒலிக்கிறது! காற்றின் குறிப்பறிந்து ஆலைத்துணியைச் சுருட்டாவிட்டால் இறக்கையே முறிந்துபோகும் தொழிலில் இருந்தவனுக்கு, அந்தக் கந்தல் அலட்சியம் செய்யத் தக்கதன்று. முன்னெச்சரிக்கை செய்யும் நண்பன். 1821, 1822-ஆம் ஆண்டுகளில் ஹாம்ஸ்டெட் குன்றின்மேல் அமர்ந்து, வானத்தை மட்டுமே தீட்டிய சிறு படங்கள் பலவற்றின் பின்புறத்தில் தேதியும் நேரமும் காற்றின் திசையும் குறித்து வைத்த அவ்வோவியரின் கண், ஆலைக்காரனின் கண்ணாகவே கடைசிவரை இருந்தது.

சாஸ்திரத்துக்குள் கிழிந்த மேகத்தைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர், புயலின் தேசத்திலிருந்தே வந்தார். கியூபாத் தீவின் தலைநகரான ஹவானாவில், பிலிப்பே போயி என்ற புகழ்பெற்ற இயற்கை நூலறிஞரின் புதல்வராய்ப் பிறந்து, அந்நகர வானிலை ஆய்வகத்தின் தலைவராய் அமர்ந்த ஆந்திரே போயி, 1493 முதல் 1855 வரை அப்பிரதேசத்துக் கடல்களில் வீசிய நானூறு சூறாவளிகளை ஆண்டு வரிசையில் அட்டவணைப்படுத்திய உழைப்பாளி. சூறாவளி நெருங்கும்போது மேகம் எவ்வாறு கிழிகிறது, எத்திசையில் ஓடுகிறது என்பது அத்தீவினருக்கு உயிர்ப்பிரச்சினை. லண்டனின் சாந்தமான வானத்தின் கீழ் நின்றவருக்கு எச்சமாகத் தோன்றியது, ஹவானாவில் நின்றவருக்கு முக்கிய சாட்சியாகத் தோன்றியதில் வியப்பென்ன? 1860-களில் அவர், உடைந்த குவியல் என்று பொருள்படும்படி 'பிராக்டோ-குமுலஸ்' என்னும் பெயரை வழங்கினார். ஹோவர்டின் சொல்லை அழிக்காமல், அதன் முன் ஒரு தாதுவை மட்டும் சேர்த்த அந்தச் சிறு செயலால், உடைவு என்பதும் ஒரு வடிவமே என்னும் கருத்து மேக சாஸ்திரத்தில் முதன்முதலாகக் காலூன்றியது.

இதன் பின் காரியங்கள் சபைகளின் கையில் சென்றன. செடிகளுக்கும் விலங்குகளுக்கும் இரட்டை லத்தீன் பெயர் சூட்டிய லின்னேயஸ் போதித்த அதே உப்சாலாப் பல்கலைக்கழகத்தில், ஹில்டபிராண்ட்சன் என்னும் பேராசிரியர் மேகங்களைப் புகைப்படமாகப் பிடித்துச் சேகரித்தார். அவருடைய நண்பரான ரால்ப் அபர்கிராம்பி, எல்லாத் தேசங்களிலும் மேகங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றனவா என்று நேரில் கண்டறிவதற்காக உலகை இருமுறை வலம் வந்து, ஒன்றே என்று உறுதி கூறினார். 1891-ல் மூனிக்கிலும் 1894-ல் உப்சாலாவிலும் கூடிய அறிஞர்கள் இவ்வகுப்பை ஏற்றுக்கொள்ள, 1896-ல் சர்வதேச மேகப் படத்தொகுதி வெளியாயிற்று. அதில் பிராக்டோ-குமுலஸ், பிராக்டோ-ஸ்ட்ராட்டஸ், பிராக்டோ-நிம்பஸ் என்று கிழிந்த மேகத்தின் மூன்று பேதங்கள் இடம்பெற்றன. 1956-ல் உலக வானிலை நிறுவனம் வெளியிட்ட தொகுதியில், மேகங்கள் பத்துப் பேரினங்களாகவும் பதினான்கு சிற்றினங்களாகவும் ஒன்பது வகைகளாகவும் வகுக்கப்பட்டபோது, முன்னொட்டாய் ஒட்டிக்கொண்டிருந்த தாது தனிச்சொல்லாய் நிமிர்ந்து, 'பிராக்டஸ்' என்ற சிற்றினப் பெயராயிற்று. ஸ்ட்ராட்டஸ், குமுலஸ் என்னும் இரண்டு பேரினங்களுக்கு மட்டுமே அது உரியது. மழைமேகத்தின் அடியில் தொங்கும் கந்தலுக்கோ, துணித்துண்டு என்று பொருள்படும் 'பன்னஸ்' என்ற இன்னொரு லத்தீன் சொல்லும் கிடைத்தது.

இப்பெயர்களின் இலக்கணத்தில் ஒரு நுட்பம் உண்டு. சிர்ரஸ், குமுலஸ் ஆகியவை பெயர்ச்சொற்கள். மேகம் எதைப் போல் இருக்கிறது என்பதை அவை சொல்கின்றன. பிராக்டஸ் என்பதோ வினையின் வழிப் பிறந்தது. நம் இலக்கணப்படி சொன்னால், உடைக்கப்பட்டது என்னும் செயப்பாட்டு வினையாலணையும் பெயர். அது உவமை கூறவில்லை. நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறது. இம்மேகத்துக்கு ஏதோ நேர்ந்தது, யாரோ அடித்தார்கள், அதனால் இப்படி ஆயிற்று என்ற ஒரு சிறு சரித்திரம் அப்பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

அச்சரித்திரம் மெய்தானா என்று இயற்கையைக் கேட்டால், அது வேறு விடை தருகிறது. மழை நெடுநேரம் பொழியும்போது, விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகி, மேகத்துக்குக் கீழேயுள்ள காற்றை ஈரத்தால் நிறைக்கிறது. அந்த ஈரக்காற்று தரைக்கு அருகே சுழன்று கொந்தளித்து மேலெழும் இடங்களில் குளிர்ந்து, கந்தல் கந்தலாய்ப் புதிய மேகம் உண்டாகிறது. பார்ப்பவனுக்குப் பெருமேகத்திலிருந்து கிழிந்து விழுந்ததாகத் தோன்றினாலும், உண்மையில் அது கிழிந்ததன்று. மழையின் நீரிலிருந்தே புதிதாய்ப் பிறந்தது. குமுலஸின் கதையோ இன்னும் விசித்திரமானது. வெயில் ஏறும் காலை வேளையில், சூடேறிய நிலத்தினின்றும் எழும் காற்று முதன்முதல் மேகமாய்த் திரளும்போது, அடியும் முடியும் இல்லாத பிசிறாகவே தோன்றுகிறது. மாலையில் அந்த எழுச்சி அடங்கி, சுற்றியுள்ள வறண்ட காற்று உட்புகுந்து மேகத்தைக் கரைக்கும்போதும் அதே பிசிறாகவே மறைகிறது. உற்பத்தியும் லயமும் ஒரே ரூபம் பூண்டு நிற்க, இரண்டுக்கும் நாம் இட்ட பெயர் உடைந்தது என்பதே.

வானிலை நோக்கர்கள் இந்த இருமையை அறிந்தே தம் குறியீட்டை அமைத்திருக்கிறார்கள். தாழ்ந்த மேகங்களுக்குரிய எண்களுள், நல்ல காலநிலையில் தோன்றும் பிசிறுக் குமுலஸுக்கு 1 என்ற எண்ணும், மழைக்கால மேகத்தின் அடியில் ஓடும் கந்தலுக்கு 7 என்ற எண்ணும் வழங்குகின்றன. விமான நிலையத்தார் உடைந்த வானம் என்று சொல்வது வேறு பொருளில். வானத்தை எட்டுப் பங்காக்கினால் ஐந்து முதல் ஏழு பங்குவரை மேகம் மூடியிருப்பதையே அவர்கள் அவ்வாறு குறிக்கின்றனர். அங்கே உடைந்திருப்பது மேகத்தின் போர்வை. இங்கே உடைந்ததாகத் தோன்றுவது மேகத்தின் உடலே.

இத்தாதுவின் யாத்திரை மேகத்தோடும் முடியவில்லை. 1975-ல் பெனுவா மாண்டல்பிராட் என்ற கணித அறிஞர், கடற்கரை, மலை, மேகம் போன்றவற்றின் ஒழுங்கற்ற விளிம்புகளுக்கு ஒரு கணிதம் கண்டு, அதற்குப் பெயர் தேடித் தம் மகனின் லத்தீன் அகராதியைப் புரட்டியபோது, கண்ணில் பட்டது இந்த 'பிராக்டஸ்' என்னும் சொல்லே. அதிலிருந்து 'பிராக்டல்' என்னும் பெயரை ஆக்கினார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் ஷான் லவ்ஜாய் என்னும் ஆராய்ச்சியாளர் மேகங்களின் பரப்பையும் சுற்றளவையும் ஒப்பிட்டு, ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள மேகம் முதல் பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரவிய மேகம் வரை, விளிம்பின் கரடுமுரடு ஒரே விதிக்கு உட்பட்டு நிற்பதையும், அவ்விளிம்பின் பரிமாணம் ஏறத்தாழ 1.35 என்பதையும் காட்டினார். ஒன்றும் அன்று, இரண்டும் அன்று. மேக விளிம்பின் பரிமாணமே ஒரு பின்னம்! பிசிறு என்று ஒதுக்கியது மேகத்தின் குறையன்று, அதன் இயல்பே என்பதும், முழுமேகம் என்று நாம் போற்றியதன் ஓரமும் கிழிசலால் ஆனதே என்பதும் அன்று எண்ணால் நிறுவப்பட்டன.

பெயரிட்டோர் பிழை செய்தார்கள் என்று இதனால் நான் கூறவில்லை. உடைந்தது என்று பெயர் வைத்ததனாலேயே அதன்மேல் கண் சென்றது. கண் சென்றதனாலேயே அது உடைந்ததா, பிறந்ததா என்ற வினா எழுந்தது. பொருத்தமான பெயர் அறிவை முடித்துவைக்கும். சற்றே பொருந்தாத பெயரோ அறிவை மேலும் நடக்கச் செய்யும். சிற்பியின் கொட்டகைக்குச் சென்று பார்த்தவர்கள் இதை அறிவார்கள். அங்கே ஒரு மூலையில், கை ஒடிந்து பின்னமாகித் திரும்பி வந்த பழைய மூர்த்தி கிடக்கும். அதன் அருகிலேயே, கை இன்னும் கல்லினின்றும் விடுபடாத புதிய மூர்த்தியும் கிடக்கும். அந்தி மங்கலில் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றே. பின்னம் எது, கண் திறக்கக் காத்திருப்பது எது என்று அறிய வேண்டுமானால், மறுநாளும் வந்து, உளி எந்தக் கல்லின்மேல் விழுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். வானத்தில் ஒரு கிழிந்த மேகத்தைக் காணும்போதும் நாம் செய்ய வேண்டியது அவ்வளவே: பெயரைச் சொல்லிவிட்டு அகலாமல், இன்னும் ஒரு நாழிகை அண்ணாந்து நிற்பது.